சுவர் கழித்தது போக

அத்தியாயம் 14

வேலாங்குளம் விலக்கில் யுவராணி பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி ஏழேகால். கூட்டம் பத்தரைக்குத்தான். இவ்வளவு சீக்கிரம் ஏன் வந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

பாளையம்பட்டி வீட்டில் ஒரு மாதமாகப் பேச்சு குறைந்து போயிருந்தது. போன கூட்டத்தில், வேலாங்குளத்துக் கிணற்றில் ஒரே வருடத்தில் ஏழு அடி தண்ணீர் இறங்கிவிட்டது என்று கணக்குக் கொடுத்தவள் அவள். ஆறு அடிக்கு மேல் இறங்கினால் அந்த ஊர் எச்சரிக்கைப் பட்டியலில் ஏறும். பட்டியலில் ஏறிய ஊரில் மழை விழும்வரை டேங்கர் லோடு எடுக்க விடக் கூடாது என்று குழு கலெக்டருக்கு எழுதும். அவள் கணவன் செல்வக்குமார் ஏழு வருடமாக வேலாங்குளத்துப் போர்வெல்லில்தான் தன் டேங்கரை நிரப்புகிறான்.

அவன் சத்தம் போடவில்லை. "அளந்தா அளந்ததுதான்" என்றான். அந்த வார்த்தையில் இருந்தது கோபமா, மதிப்பா? சட்டியைத் தேய்க்கும்போதும் தன் இ-சேவைக் கடையில் சான்றிதழ் அச்சடிக்கும்போதும் அவள் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருச்சுழி வட்டார நீர்ச் சேமிப்பு ஆலோசனைக் குழுவில் ஏழு பேர். யாருக்கும் உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. அளக்கலாம், எழுதலாம், எடுத்துச் சொல்லலாம். அதிகாரம் இல்லாததாலோ என்னவோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். எந்த ஊரைப் பற்றிய பேச்சோ, அந்த ஊரில்தான் கூட்டம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அமாவாசைக்கு மறுநாள் விடியலில் கிணற்றை அளக்க வேண்டும். அமாவாசையன்று ஏர் பூட்ட மாட்டார்கள், மோட்டாரும் அநேகமாக ஓடாது, கிணறு ஒரு நாள் இளைப்பாறி நிற்கும். தன் கிணற்றைத் தானே அளக்கக் கூடாது. தன் குடும்பத்துக்கு லாபமோ நட்டமோ உள்ள பொருள் வந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

வேலாங்குளம் தன் பொறுப்பில் வந்தபோதே யுவராணி தயங்கினாள். தலைவி சரஸ்வதி டீச்சர் கேட்கவில்லை.

"அளக்குறதுல என்ன சொந்தபந்தம்? டேப்பு என்ன சொல்லுதோ அதை எழுதப் போற. பரிந்துரை பேசும்போது மட்டும் வெளிய போயிரு."

அப்படி எத்தனையோ முறை அளந்தாகிவிட்டது. விலக்கிலிருந்து ஊருக்குப் போகும் மண்பாதையில், அழகுராஜா தோட்டத்தைக் கண்டதும் கால் தானாகக் கிணற்றுப் பக்கம் திரும்பியது. எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். வழக்கமாக இடுப்பைச் சுவரில் சாய்த்து, பாதி உடம்பை உள்ளே கவிழ்த்துப் பார்ப்பாள். அடியில் கிடக்கும் தண்ணீரில் தன் தலை ஒரு புளியங்கொட்டை அளவுக்குத் தெரியும்.

இன்று சுவர் நெஞ்சில் இடித்தது.

ஒரு கணம் தான்தான் குள்ளமாகிவிட்டோமோ என்றிருந்தது. பிறகு பார்த்தாள். பழைய கருங்கல் சுவருக்கு மேல் புதுச் செங்கல் வரிசைகள். பூச்சு இன்னும் வெளுக்கவில்லை.

பால் கேனோடு வந்த முனீஸ்வரி, அழகுராஜாவின் மனைவி, அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன புள்ள, இன்னைக்கும் அளப்பா?"

"இல்லக்கா, கூட்டம். இந்தச் சுவரு எப்பக்கா கட்டுனீக?"

"சித்திரை கடைசியில. எல்லாம் உன்னாலதான்."

"என்னாலயா?"

"பின்ன? நீ பாட்டுக்கு டேப்பத் தூக்கிட்டு வந்து உள்ள தொங்குற. ஒருநா தலகுப்புற விழுந்து வச்சன்னா? அழகுராஜா பொண்டாட்டி தள்ளிவிட்டுட்டான்னு ஊரு சொல்லுமா, சொல்லாதா? கொத்தனாரக் கூட்டியாந்து ரெண்டடி ஏத்திட்டேன். இவுகளுக்கு இஷ்டமே இல்ல. கெணத்துக்கு எதுக்குடி சட்டை தைக்கிறங்குறாக."

முனீஸ்வரி சிரித்துக்கொண்டே போய்விட்டாள். யுவராணிக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் பையில் வேலாங்குளத்துக் கிணற்றின் அட்டை இருந்தது. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஓர் அட்டை உண்டு. டேப்பைச் சுவரின் மேல் விளிம்பிலிருந்துதான் விடுவார்கள். வருகிற எண்ணிலிருந்து சுவரின் உயரத்தைக் கழித்தால் தரையிலிருந்து தண்ணீர் எத்தனை அடி என்பது கிடைக்கும். அட்டையில் சுவரின் உயரம் இரண்டரை அடி என்றிருந்தது. அவளே எழுதியது.

சுவரைச் சாணால் அளந்தாள். இரண்டு முறை அளந்தாள். நாலரை அடிக்குக் குறையவில்லை.

வைகாசி அளவில் வந்த எண் அறுபத்தொன்று. அதில் இரண்டரையைக் கழித்து ஐம்பத்தெட்டரை என்று எழுதியிருந்தாள். கழித்திருக்க வேண்டியது நாலரை. ஐம்பத்தாறரை. போன வருடத்து எண் ஐம்பத்தொன்றரை. இறக்கம் ஏழு அடி இல்லை. ஐந்து அடி.

வேலாங்குளம் பட்டியலிலேயே வராது.

முதலில் வந்தது சந்தோஷம். செல்வக்குமாரின் முகம் வந்தது, டேங்கரில் தொங்கும் பச்சை வாளி வந்தது. அடுத்த கணமே அந்தச் சந்தோஷம் அவளைப் பயமுறுத்தியது. இது யாருடைய சந்தோஷம்? எண் சரியாகிவிட்டதே என்று சந்தோஷப்படுகிறவளா நான்? ஒருவேளை சரியான எண் எட்டு அடி என்று வந்திருந்தால், இதே இடத்தில் நின்று இரண்டு முறை சாண் போட்டிருப்பேனா?



இதற்குள் இன்னொன்றும் இருந்தது. ஒருவருக்கும் சொல்லாதது. வைகாசியில் அவள் அளக்கவே வரவில்லை. பள்ளிக்கூடச் சேர்க்கை நேரம். அவளுடைய இ-சேவைக் கடை வாசலில் சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் விடிகாலையிலேயே ஆள் நின்றது. டேப் எப்போதும் வேலாங்குளத்தில் மாமியார் வீட்டில்தான் கிடக்கும். போன் போட்டு, "அத்தை, நீங்களே போய் ஒரு எட்டு அளந்து சொல்லிருங்க" என்றாள். வெள்ளைத்தாய் போய் அளந்து, "அறுபத்தொண்ணு" என்றாள். யுவராணி தான் அளந்ததாக எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

உறுப்பினர்தான் அளக்க வேண்டும் என்பதும் முறைகளில் ஒன்று. சுவரைச் சொன்னால் அதையும் சொல்ல வேண்டும். சொன்னால் குழுவில் இருக்க விடுவார்களா?

சமுதாயக் கூடத்து வேப்பமரத்தடிக்கு வந்து கணவனுக்குப் போன் போட்டாள். சுவரையும் அத்தையை அனுப்பியதையும் சொன்னாள். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"சொல்லாத" என்றான்.

"ஏங்க?"

"புருசன் லோடுக்காக நம்பர மாத்திப்புட்டான்னு சொல்லுவாக. நான் நரிக்குடிப் பக்கம் ஒரு எடம் பேசி வச்சிருக்கேன். டீசல் கூடப் போகும், போகட்டும்."

"எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ மட்டும் எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லுறியாக்கும்? அம்மாவ அனுப்பினதே இப்பத்தான எனக்குத் தெரியுது."



"யுவா, அந்தக் குழுவுக்குப் போக ஆரம்பிச்சப்பெறகுதான் நீ நிமிந்து நடக்குற. நான் பாக்கேன்ல. அதக் கெடுத்துக்கிறாத."

போனை வைத்துவிட்டான். ஒரு மாதமாகத் தேடிய பதில் அவளுக்குக் கிடைத்துவிட்டது. அது கோபம் இல்லை. ஆனால் அது கிடைத்த நேரம்தான் சரியில்லை.

*

சமுதாயக் கூடத்தில் விசிறி ஒன்றுதான் சுற்றியது. நடுவில் இரண்டு மேஜைகள், சுற்றி ஏழு நாற்காலிகள். பின்னால் விரித்த சமுக்காளத்தில் ஊர்க்காரர்கள் உட்காரலாம், கேட்கலாம். தலைவி கேட்டால் மட்டும் பேசலாம். ஊர்க்காரர்கள் என்று அன்று வந்திருந்தது ஒன்பது பேர். அவர்களில் வெள்ளைத்தாயும் இருந்தாள். நூறு நாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ஊதாச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"என்னத்தா, மூஞ்சி வெளிறிக் கெடக்கு? சாப்பிட்டியா?" என்று சமுக்காளத்திலிருந்தே கேட்டாள்.

"சாப்பிட்டேன் அத்தை."

பொய். வைகாசிக் கையெழுத்தையும் சேர்த்தால் அது இரண்டாவது பொய்யா மூன்றாவதா என்று மனம் எண்ணியது.

கூட்டத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் போன கூட்டக் குறிப்பை வாசித்து, திருத்தம் இருந்தால் திருத்தி, ஒப்புக்கொள்வது. இரண்டாவது, யாருக்கு எந்தப் பொருளில் சொந்த நலன் என்று சொல்வது. மூன்றாவது, பட்டியலும் பரிந்துரையும். மூன்றாவது வரும்போது யுவராணி வெளியே வேப்பமரத்தடியில் இருப்பாள். அவள் பேசுவதென்றால் முதல் பொருளில்தான் பேச முடியும். பதினைந்து நிமிடம்கூட ஓடாத பொருள். குறிப்பை வாசிக்க வேண்டியதும் அவள்தான். ஆறு மாதத்துக்கு எழுத்து வேலை அவள் முறை.

வாசித்தாள். வந்தவர்கள் பெயர், வராதவர்கள் பெயர், ஒரு கண்மாயின் மடை பழுது, கருவேலம் அகற்றியதில் மீதி வேலை. தன் எழுத்து தனக்கே அந்நியமாக இருந்தது. அழகாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைத்தாள். தப்பான எண்கூட எவ்வளவு வட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

"வேலாங்குளம், அழகுராஜா தோட்டக் கிணறு. சுவர் கழித்தது போக..."

குரல் நின்றது.

சரஸ்வதி டீச்சர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ம்?"

"சுவர் கழித்தது போக ஐம்பத்தெட்டரை அடின்னு எழுதியிருக்கேன், டீச்சர். அது தப்பு. சுவர் உசந்திருக்கு. நான் பழைய உயரத்தக் கழிச்சிட்டேன். ஐம்பத்தாறரைன்னு வரணும்னு நினைக்கிறேன்."

இருளப்பசாமி நாற்காலியை முன்னால் இழுத்தார். பக்கத்து ஊரான கீழ்க்குடியில் அறுபது ஏக்கர் வைத்திருக்கிறவர். டேங்கர்களைக் கண்டாலே ஆகாதவர். அவர் நிலத்தில் கடலை வாடும்போது ரோட்டில் லாரி லாரியாகத் தண்ணீர் போவதை அவரால் பொறுக்க முடியாது. அதை மறைத்ததும் இல்லை.

"அப்படின்னா எறக்கம் எம்புட்டு வருது?"

"அஞ்சு அடி."

"அடேயப்பா. போன மாசம் ஏழு, இந்த மாசம் அஞ்சு. மழை இல்லாமலே ரெண்டடி ஏறிருச்சே. ஏம்மா, எங்க கெணத்தையும் உங்க வீட்டுக்காரர வந்து பாத்துட்டுப் போகச் சொல்லேன். ஊறுனாலும் ஊறும்."

சமுக்காளத்தில் யாரோ சிரித்தார்கள். யுவராணிக்குக் காது சுட்டது. இந்தச் சிரிப்பைத்தான் செல்வக்குமார் காலையிலேயே கேட்டுவிட்டிருந்தான்.

"நலன் பத்தி ரெண்டாவது பொருள்ல பேசுங்க" என்றார் சரஸ்வதி டீச்சர். "இது திருத்தம். எண் சரியா, தப்பா, அது மட்டுந்தான் இப்ப. யுவராணி, சுவர் உசந்தது அளக்குறப்பத் தெரியலையா?"

இங்கேதான் இருக்கிறது, என்று அவள் நினைத்தாள். பள்ளத்தின் விளிம்பு.

"அளந்தது நான் இல்ல, டீச்சர். எனக்குக் கடையில வேலை. எங்க அத்தைய அனுப்பினேன். நான் அளந்ததாக் கையெழுத்துப் போட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"அத்தைன்னா? எந்த அத்தை?" இருளப்பசாமி திரும்பினார்.

"நாந்தேன்யா."

வெள்ளைத்தாய் எழுந்து நின்றிருந்தாள். தலைவி கேட்கவில்லை. கேட்கும்வரை பொறுக்கவும் அவள் தயாராக இல்லை.

"ஏத்தா வெள்ளைத்தாயி, உனக்கு டேப்புப் பாக்கத் தெரியுமா?"

"நூறு நாள் வேலையில குழி அளக்குறது யாருன்னு நெனச்சீக? வேலைய மேப்பாக்குற மேட்டு நாந்தேன. அறுபத்தொண்ணு. ஒரு நூலு கூட இல்ல, கொறைய இல்ல. சுவரையும் அளந்தேன். நாலரை. இவ கேக்கல, நான் சொல்லல."

யுவராணி மாமியாரைப் பார்த்தாள். "சுவரை எதுக்கு அத்தை அளந்தீக?"

"கையில டேப்பு இருந்துச்சு, அளந்தேன்." வெள்ளைத்தாய் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "அந்தத் தோட்டத்துல இருபது வருசம் களையெடுத்திருக்கேன். தண்ணி கேட்டா எட்டி நின்னு கைய ஏந்தணும். கெணத்துச் சுவருல கைய வச்சதே அன்னைக்கித்தான். சும்மா வருவனா? வெட்டுக்கல்லு, வாய்க்கா, தொட்டி, எல்லாத்தையும் அளந்துட்டுத்தான் வந்தேன்."

சமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த முனீஸ்வரி குனிந்து அதன் ஓரத்தைப் பார்த்தாள்.

சரஸ்வதி டீச்சர் பேனாவை மூடினார். "சந்தேகம் வந்தா இடத்துக்குப் போறது நம்ம முறை. இருளப்பசாமி, நீங்களும் சின்னத்துரையும் போய் சுவரை அளந்துட்டு வாங்க. யுவராணி இங்கயே இருக்கட்டும்."

நரிக்குடியிலிருந்து வரும் சின்னத்துரை, ஆடு வளர்ப்பவர், எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். டேப்பை வெள்ளைத்தாய்தான் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

அவர்கள் போய் வர அரைமணி நேரம் ஆனது. யுவராணி வாசற்படியில் நின்று தோட்டத்தின் திசையைப் பார்த்தாள். எப்போதும் அந்தக் கிணற்றுக்குள் தலையை விடுகிறவள், இன்று யாரோ தலையை விடுவதற்காகக் காத்து நிற்கிறாள். எண் தனக்குச் சாதகமாக வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளக் கூடாது என்று மனதை அடக்கினாள். அடக்க அடக்க அதுவே வேண்டுதலாகிவிட்டது.

இருளப்பசாமி வேர்த்து வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"நாலரை."

திருத்தம் ஏற்கப்பட்டது. மூன்றாவது பொருளில் யுவராணி வெளியே போய் நின்று, திரும்பி வந்தபோது, வேலாங்குளம் பட்டியலில் இல்லை. பன்னிரண்டு கிணற்றுச் சுவர்களையும் மறுபடி அளந்து அட்டையைத் திருத்த வேண்டும் என்றும் முடிவாகியிருந்தது.

கூட்டம் கலையும்போது இருளப்பசாமி கையைத் தூக்கினார்.

"ஒண்ணு இருக்கு. அந்தம்மா அளந்தது சரி. ஆனா இவ செஞ்சது தப்பு. வராம வந்ததா எழுதுறதும், அளக்காம அளந்ததா எழுதுறதும் சும்மா விடுற காரியமில்ல. நாளைக்கு நம்ம சொல்லுற எந்த நம்பர எவன் நம்புவான்? அடுத்த கூட்டத்துல இத எடுக்கணும். இவ இந்தக் குழுவுல இருக்கலாமான்னு பேசணும்."

அவர் சொன்னது நியாயம். அந்த நியாயத்தில் ஒரு துளி விரோதம்கூட இல்லை என்பதுதான் யுவராணியை உலுக்கியது. விரோதமாக இருந்திருந்தால் எதிர்த்துவிடலாம்.

"எடுத்துக்கலாம்" என்றார் சரஸ்வதி டீச்சர்.

*

பொருள் வரிசை மறுநாள் காலைக்குள் எல்லோருக்கும் போக வேண்டும். சாயங்காலம் கடைக்குத் திரும்பி யுவராணி எழுத உட்கார்ந்தாள். செல்வக்குமார் டேங்கரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்து, கடை வாசலில் முகம் கழுவினான். நடந்ததெல்லாம் அவனுக்கு வேலாங்குளத்திலேயே தெரிந்துவிட்டிருந்தது.

"சொல்லிட்ட" என்றான்.

"சொல்லிட்டேன்."

"நரிக்குடிக்காரன்கிட்ட வரலைன்னு சொல்லிட்டேன்." துண்டால் கழுத்தைத் துடைத்தான். "அம்மா என்ன போடு போட்டாகளாம்ல. பஸ்ஸ்டாப்பு பூரா அதான் பேச்சு."

அவன் உதட்டோரம் அசைந்தது. ஒரு மாதம் கழித்து. அவள் அதைப் பார்த்துவிட்டுக் காகிதத்துக்குத் திரும்பினாள்.

பொருள் ஒன்று, குறிப்பு வாசித்தல். இரண்டு, நலன் தெரிவித்தல். மூன்று, கிணற்று அட்டைகள் திருத்தம். நான்கு.

நான்கு என்று எழுதியபின் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. 'என்னை' என்று எழுத முடியாது. குழுவின் எழுத்தில் 'நான்' கிடையாது. 'உறுப்பினர் யுவராணி, தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பி அளந்தது குறித்தும், அவர் உறுப்பினராகத் தொடர்வது குறித்தும்.' எழுதியதும் அந்தப் பெயரைப் பார்த்தாள். யாரோ ஒருத்தி. அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

போன் அடித்தது. வெள்ளைத்தாய்.

"ஏத்தா, டேப்பு எங்கிட்டதான் இருக்கு. சின்னத்துரை திருப்பிக் குடுத்துட்டாரு."

"இருக்கட்டும் அத்தை."

"கீழ்க்குடில எங்க சின்னம்மா மகளப் பாத்துட்டு வந்தேன். போற வழியிலதான இருளப்பசாமி ஐயா கெணறு. எல்லாக் கெணத்துச் சுவரையும் அளக்கணும்னு டீச்சரு சொன்னாகல்ல, நாமளும் ஒரு எட்டுப் பாப்பம்னு போனேன்."

யுவராணியின் பேனா நின்றது. "அத்தை, நீங்க அளக்கக் கூடாது. இன்னைக்குத்தான..."

"அளக்கலத்தா. அளக்க அங்க என்ன இருக்கு? சுவரே இல்ல. தைப் பொங்கலுக்கு முந்தி தூருவார கிரேன நிப்பாட்டுறதுக்கு இடிச்சவுக, பெறகு கட்டவே இல்லையாம். தரையோட தரையாக் கெடக்கு."

அந்தக் கிணற்றை அளப்பது சின்னத்துரை. அதன் அட்டையில் சுவர் மூன்று அடி என்று இருப்பது யுவராணிக்கு நினைவிருந்தது; பன்னிரண்டு அட்டைகளையும் பிரதி எடுத்தது இதே கடையில்தான். இல்லாத சுவருக்கு வைகாசியில் மூன்று அடி கழித்திருக்கிறார்கள். எழுதப்பட்ட இறக்கம் நாலு. அப்படியானால் உண்மையில் ஏழு.

கீழ்க்குடி பட்டியலில் இருக்க வேண்டிய ஊர்.

இருளப்பசாமிக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டேதான் இன்று கையைத் தூக்கினாரா? அல்லது தன் வீட்டுக் கிணற்றையே எட்டிப் பார்க்காத மனிதரா?

"ஏத்தா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"நான் பாத்ததச் சொல்லிட்டேன். இந்தவாட்டி நீ கேக்காமலே சொல்லிட்டேன். பெறகு எம்மேல குத்தம் சொல்லப்படாது."

போன் அடங்கியது. செல்வக்குமார் என்னவென்று பார்வையால் கேட்டான். நான்காம் பொருளுக்குக் கீழே 'ஐந்து' என்று எழுதினாள். அதற்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தை, கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.